மருதையன் நிற்கும் இடம்

டெல்லி,
தை மாதம், செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை விடாமல் தேயுங்கள். எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நம் ஊர்த் தப்பாட்டக் குழு குடியரசு தின விழாவுக்கு வந்திருந்தது. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நானே பதிவு செய்தேன். இரண்டு மைக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்று இடமும் மற்றது வலமும் பார்க்கும்படி வைத்தேன். அப்படிப் பதிவு செய்தால் யார் எங்கே நிற்கிறார் என்பதும் காதில் விழும்.

வரிசையில் ஓர் ஆள் நிற்குமளவு இடைவெளி இருந்தது. "நெருங்கி நில்லுங்கப்பா, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்று அதட்டினேன்.

"அது மருதையன் நிக்கிற இடம்ங்க சின்னம்மா," என்றான் இளையபெருமாள். "வருஷம் திரும்புற வரைக்கும் அதுல யாரும் நிக்க மாட்டோம்."

போன அறுவடையில், கூலித் தகராறில் உங்கள் பிள்ளை மருதையன் வெட்டுப்பட்டு விழுந்ததிலிருந்து அப்படித்தானாம். இப்படி இடம் விட்டு நிற்பதை நீங்கள் எனக்கு எழுதவில்லை.

பிறகு தனியாகப் போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் மட்டும் சத்தமில்லை. மற்றவர்கள் ஓயும்போது அங்கிருந்து ஓர் அடி கேட்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான், பயப்படாதீர்கள். இடம், வலம் என்ற இரண்டு தடங்களையும் ஒன்றாக்கினால் இடைவெளி மறைந்துவிடும் என்றார் அதிகாரி. குறையுள்ள டேப்பை நான் வெளியே விட்டதே இல்லை. இதில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கேசட் அனுப்புகிறேன். காதர் மைதீன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் போடச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களையும் தள்ளி வைத்து, நடுவில் நீங்கள் மட்டும் உட்காருங்கள். கொஞ்சம் வடகமும் அனுப்புங்கள், இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அவன் இடம் எந்தப் பக்கம் என்று நான் எழுதவில்லை, அக்கா. கேட்டதும் உங்கள் தலை தானாகத் திரும்பும்.

தங்கை,
ஸ்டெல்லா