தோளில் இருக்கும் கை

தங்கச்சிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க மனம் வரவில்லை.

ஊர்ப் பழைய படங்களை நூலகம் இணையத்தில் போடுகிறதே, அதில் அம்மாவின் தையல்கடைப் படத்தைப் பார்த்தேன். நீ கொடுத்ததாம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டாய். அம்மா தோளில் கிடந்த என் கையை மட்டும் உன்னால் வெட்ட முடியவில்லை.

படத்தைப் பற்றி விசாரிக்க ஃபோன் செய்தேன். நான் யாரென்று தெரியாமல் நூலகர் என்னிடமே கேட்டார்: “இந்தக் கை யாரோடதுங்க? அந்த டெய்லரம்மாவோட ஒரே பொண்ணைக் கேட்டோம், தெரியாதுன்னுட்டாங்க.”

பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன் என்று அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை, போகட்டும். நீயுமாடி?

படத்தைப் பெரிதாக்கிப் பார். மணிக்கட்டில் தழும்பு தெரியும். சூடான இஸ்திரிப் பெட்டி உன்மேல் விழாமல் தடுத்த கை அது.

நூலகரிடம் நானும் “தெரியாதுங்க” என்றுதான் சொன்னேன். ஊர் முன்னால் உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வரவில்லை.

இப்படிக்கு,
அக்காவாக இருந்தவள்