நுரையீரலில் தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய்

விடாத மழை. காசிமேட்டில் படகு எதுவும் இறங்கவில்லையாம். கடலுக்குப் போகாத மாமனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்கிறார்.

நேற்று என் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். ஆண். இன்னும் நான் பார்க்கவில்லை. பக்கத்து அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஆக்ஸிஜன். மூச்சு வேகமாக வாங்குகிறதாம், விடும்போதெல்லாம் முனகுகிறானாம். எனக்குத் தாகம். தண்ணீர் தரமாட்டார்கள்.

டாக்டரம்மா: "சிசேரியன் குழந்தைங்க சிலதுக்கு இப்படி ஆகும். நுரையீரல்ல தண்ணி நின்னுடுச்சு. தானா வத்தும். பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? கேட்கப் பயம்.

புதன்

மழை. மானம் கப்பலேறியது. அந்தத் 'தண்ணி' மாமனார் காதில் விழுந்திருக்கிறது. கடலில் மூழ்கியவர்களை இழுத்துப்போட்டுக் கக்கவைத்த மனிதர். நேரே போய்ப் பெட்டியில் கை வைத்துவிட்டார்.

"புள்ள தண்ணி குட்ச்சிகீது, வேடிக்க பாத்துகினு கீறீங்களே. கால புட்சி தலகீழா தூக்கி முதுவுல தட்னா வந்துடும்."

நர்ஸ் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வார்டு ஆயா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டியிருந்தால் சரியாகியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

சாயங்காலம் இவர் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்தார். "பால் குட்ச்சான், நல்லாகீறான்." பொய். புரையேறும் என்று பாலே கொடுக்கவில்லை, டிரிப்ஸ்தான். நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். சண்டை போடத் தெம்பில்லை. "சரி" என்றேன்.

வியாழன்

தூறல். ஈரத்துணி நாற்றம். கொசு. இவர் சட்டை இரண்டு துவைக்கச் சொல்ல வேண்டும். மார் கல்லாகக் கட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் பெண் பிறந்ததென்று அழுகை. மூச்சு விடுகிறதே, போதாதா.

மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்குப் பொய் வராது.

"கதவு கண்ணாடி வழியாத்தாம்மா பாக்க வுடுறாங்கோ. விலா உள்ள போயி போயி வருது. நேத்திக்கி இன்னிக்கி கம்மி. முனகல் நின்னுபூட்ச்சி."

"நல்லதா மாமா?"

"தெர்லியேம்மா."

தேறிவிட்டானா, களைத்துப் போனானா? தூக்கம் இல்லை.

வெள்ளி

வெயில். நர்ஸ் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினாள். "ஆக்ஸிஜன் எடுத்தாச்சு. பசியில கத்துறான், புடி." அவ்வளவுதான் சொன்னாள்.

கறுப்பு. சப்பை மூக்கு. உறிஞ்சுகிறான், நிறுத்தி மூச்சு விடுகிறான், மறுபடி உறிஞ்சுகிறான். ஒரு கையால் எழுதுகிறேன். இத்தனை நாள் வராத அழுகை இப்போது முட்டுகிறது. குலுங்கினால் தையல் பிடுங்கும், அவன் வாய் நழுவும். குடித்து முடிக்கட்டும், அப்புறம் அழுதுகொள்கிறேன்.