பெண் பார்க்கும் நாளுக்காக நிறுத்திய மாத்திரை

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். உங்களைப் பற்றி யாராவது கேட்டால், "ஊருணியில கால் வழுக்கிட்டுச்சு" என்கிறார். அன்றைக்கு ஊர் அழுதது உங்களுக்காகவா, குடிதண்ணீர் கெட்டுப்போனதற்காகவா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மதுரைக்கு நாம் போய்வந்த நாள்கள் நினைவிருக்கிறதா? உங்கள் காதில் கேட்ட குரல்களை அடக்கும் மாத்திரை காரைக்குடிப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. விடியுமுன் பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும், நம் இருவரின் கூலியும் போகும். ஆனாலும் மாத்திரை வேலை செய்தது. களத்தில் நெல் தூற்றினீர்கள், என்னைக் கேலி செய்தீர்கள். அதனால் கை மட்டும் நடுங்கும்.

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "தட்டை நீட்டும்போது இவன் கை ஆடுச்சுன்னா ஒரு பய பொண்ணெடுக்க மாட்டான். அவுக வந்துட்டுப் போற வரைக்கும் மாத்திரையை நிப்பாட்டுங்க." நான் கூடாதென்று கத்தினேன். "உனக்காகத்தானடி" என்று அம்மா மாத்திரையை ஒளித்துவைத்தாள்.

வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டை நீட்டினீர்கள். கை ஆடவே இல்லை. அவர்கள் போனதும் பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்? இனி எதுக்கு மதுரைக்கு அலையணும்?" செலவு மிச்சம் என்று வீடே தலையாட்டியது. சில வாரங்களில் குரல்கள் திரும்பின. கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். நான் மறுவீடு வந்த அன்று உங்களை ஊருணியிலிருந்து எடுத்தார்கள்.

சிரிக்க ஒரு சேதி சொல்கிறேன். என் மாமியாரின் அரிசிப் பானைக்குள் உங்களுடையதைப் போலவே மாத்திரை இருந்தது, அதே மாதிரி அட்டை. ஊருக்குப் பிள்ளையார்பட்டி வேண்டுதல் என்று சொல்லிவிட்டு அவரும் மதுரைக்குத்தான் போய்வந்திருக்கிறார். "ஒங்க வீட்டுக்கு வாரதுக்காக எனக்கும் நிப்பாட்டிட்டாக ஆத்தா" என்றார். "ஒங்க அண்ணனைப் பாத்து, இந்தப் பிள்ளை எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு பொறாமைப்பட்டேன்." எவ்வளவு பொருத்தமான சம்பந்தம் பார்த்தீர்களா?

நம் ஊருக்கு எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. போன் பூத் வந்துவிட்டது. சிங்கப்பூருக்குப் பேசலாம், மாத்திரைக்கு மட்டும் இன்னும் மதுரைதான். போன வாரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், மாதம் ஒருமுறையாவது மனநல டாக்டர் இங்கே வரக்கூடாதா என்று கேட்டேன். பெரிய டாக்டர் கனிவாகத்தான் பேசினார். "இந்தப் பக்கம் அப்படி நோயாளிகளே இல்லையேம்மா. ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லை."

வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப என்னையக் கூட்டிட்டுப் போயிக் காமி. நல்ல சேலையாக் கட்டிட்டு வாரேன்" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் குதித்தார். அவர் தங்கைக்கு இப்போது வரன் பார்க்கிறார்களாம். அந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், அண்ணே.

திங்கட்கிழமை, சந்தைக் கூட்டம் நெரியும் பஸ்ஸில் அத்தையோடு போகிறேன். எங்கே போறீக என்று கேட்பவர்களுக்கு உரக்கச் சொல்வேன். டாக்டர் வரும்வரை மாதாமாதம் அந்த வாசலில் உட்கார்வோம், இது உங்கள்மேல் ஆணை. ஒருவர் வந்திருக்கிறார் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஆளாக உங்களைக் கூட்டிப்போகத்தான் வழியில்லை.

உங்களை விலையாகக் கொடுத்துத் தாலி கட்டிக்கொண்ட
தங்கச்சி