சீழுக்கு வைத்த பெயர்

யுவ வருஷம், சித்திரை 16. கம்பம்.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் சீழ் நாற்றம் போகவில்லை.

காமயகவுண்டன்பட்டி வீரம்மாளின் கால் புண்ணிலிருந்து நாங்கள் எடுத்து வளர்த்த கிருமி, இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்கிறார் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர். காத்திருக்கும் நோயாளிகளை விட்டுவிட்டு ஒரு வாரமாகப் பெயர் தேடினார். கடைசியில் சென்னையிலுள்ள மேலதிகாரியின் பெயரையே லத்தீனாக்கி வைத்துவிட்டார். சீழில் பிறந்ததற்குத் தன் பெயர் என்றால் அந்த மனிதர் குளிர்ந்துபோவாராம். இவருக்குப் பதவி உயர்வு வருமாம். த்தூ.

பெயரோடு உயிருள்ள கிருமியையும் அனுப்பினால்தான் சென்னையில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதை வளர்த்த கண்ணாடிக் குழாய் வெயிலில் காய்ந்து, கிருமி செத்துவிட்டது. குழாயை ஜன்னலோரம் வைத்தவன் நான்.

இன்று வீரம்மாள் வந்தபோது கட்டைப் பிரித்துப் பார்த்தேன்; புண் ஆறத் தொடங்கியிருந்தது. டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, "மருந்து போடாதே. வியாழன்வரை கழுவ வேண்டாம்னு சொல்லிடு. சீழ் மறுபடி பிடிக்கட்டும்," என்றார்.

மருந்து போடாமல், கழுவ வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

"டாக்டரய்யா சொன்னாகன்னா சரிதேன் தம்பி. கழுவுனதுலதேன் இம்புட்டு நாளா ஆறாம கெடந்துச்சு போல," என்றாள். போகும்போது என் மேஜையில் இரண்டு தேங்காய் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றை டாக்டர் வீட்டில் கொடுத்தேன். மற்றதை என் வீட்டில் துவையல் அரைத்தார்கள். அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன்.