சூடு தெரியாத பாதம்

அன்பு மகள் யமினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம், அதுபோல நீயும் அங்கே நலமாக இருக்க புத்தரை வேண்டுகிறோம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். அதில் நீ நலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் சத்தியம், முதல் பாதியை மேற்கொண்டு படித்துத் தெரிந்துகொள். போனில் பேசுவதை விட்டுவிட்டு இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்க்கிறார், ஒரு வார்த்தை தவறி வந்தால் கண்ணால் மிரட்டுகிறார். தையல்காரி மகள் வருகிற செவ்வாய்க்கிழமை ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறாள், உன் விடுதிக்குப் பக்கத்தில்தானாம் அவளுக்கும் வேலை. அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து படி, வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே.

ஊரில் மழை வந்தது போலவும் இருக்கிறது, வராதது போலவும் இருக்கிறது, எள் விதைத்தவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றில் மட்டும் தண்ணீர் ஏறிவிட்டது, மேற்கே பெய்ததாம். நம் மளிகைக் கடையை மூடிவிட்டேன், சரக்கெல்லாம் எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். ஏன் மூடினாய் என்று நீ கேட்பாய். உன் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க, மலச்சட்டி வைக்க, கட்டு மாற்ற ஒரு ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறது. போனில் சின்னப் புண், ஆறிக்கொண்டு வருகிறது என்று சொன்னேனே, அது பொய். உன் அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஜூன் மாதம் மாண்டலே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வீடியோவில் போர்வையை இடுப்புவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, இந்த வெயிலில் எதற்கப்பா போர்வை என்று நீகூடக் கேட்டு சிரித்தாயே, இதற்குத்தான்.

எங்கே ஆரம்பித்தது என்று உனக்கும் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே கோவையாக வருகிறது. ஆறு வருஷம் முன்னால் அவருக்குத் தாகம் தாகம் என்று குடம் குடமாகத் தண்ணீர் போனது, கழிப்பறையில் எறும்பு மொய்த்தது, கைலி இடுப்பில் நிற்கவில்லை. அப்போதுதான் நம் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அந்தச் சின்னப் பெண், சர்க்கரை நோய் என்று சொன்னாள். பாவம், பொறுமையாகப் படம் போட்டு விளக்கினாள். சாப்பிடுகிற சோறெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போகிறது, அதை உடம்பு எடுத்துக்கொள்ள வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று நீர் சுரக்க வேண்டும், அது தளர்ந்துபோனால் சர்க்கரை ரத்தத்திலேயே நின்று, சத்தம் போடாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தின்னும் என்றாள். முப்பது வருஷம் படகுத்துறையில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்ததும், மலைபோல் குவித்துச் சாப்பிட்ட சோறும், அவர் அக்காவுக்கும் இதே நோய் இருந்ததும் சேர்ந்துகொண்டது என்றாள். நடங்க, சோத்தைப் பாதியாக்குங்க, மாத்திரையை ஒருநாளும் விடாதீங்க, மாசம் ஒருதரம் பாதத்தை எங்கிட்ட காட்டுங்க என்று நாலே நாலு விஷயம் சொன்னாள். நாலில் ஒன்றையாவது உருப்படியாகச் செய்தோமா.

சீனியை விட்டார், அதில் குறை சொல்ல முடியாது. டீக்கடையில் கெட்டிப்பால் ஊற்றாத டீ கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று பெருமை அடித்துக்கொள்வார். ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தேநீரோடு பனைவெல்லம் கடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அது மரம் குடுத்ததுடி, மெஷினா செஞ்சது, இதுல என்ன நோவு வரும் என்பார். தட்டில் வைத்தது யார், நான்தான். விருந்தாளி வந்தால் வெல்லத் தட்டு வைக்காமல் எப்படி, வைத்த தட்டில் அவர் கை போகாமல் எப்படி. அப்புறம் வேப்பிலை பறித்து மென்று, கசப்பு இறங்கினால் இனிப்பு ஏறாது என்று ஒரு கணக்கு. சர்க்கரை பார்க்கிற மெஷினில் எண் குறைந்திருந்தால் அன்றைக்கு மாத்திரைக்கு லீவு. மாத்திரை போட்டதால்தான் எண் குறைந்தது என்று நான் சொன்னால், நீ டாக்டரா என்பார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னபோது, ஊசிதான் கடைசிக் கட்டம், அந்த நிலைமைக்கு நான் போகல என்று எழுந்து வந்துவிட்டார். ஊசி போடாததால்தான் அந்த நிலைமைக்குப் போனார் என்பது இப்போது தெரிந்து யாருக்கு என்ன பயன்.

பாதத்தைக் காட்டச் சொன்னாள் அல்லவா, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து. உன் அப்பா எப்படி உட்காருவார், உனக்குத் தெரியாதா, இரண்டு பாதத்தையும் மடித்துக் கைலிக்குள் ஒளித்துக்கொண்டுதான் உட்காருவார். பெரியவர்கள் பக்கம் காலை நீட்டக்கூடாது என்று உனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. உசிரைக் காப்பாத்துற பொண்ணு முகத்துக்கு நேரா உள்ளங்காலைத் தூக்கிக் காட்டறதா, ஏழு ஜென்மத்துக்கும் அந்தப் பாவம் விடாது என்று ஒருதரம்கூடக் காட்டவில்லை. அவள் மேஜைக்கு வெளியே வந்து குனிந்தால் இவர் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்வார். நானும் பார்க்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் கூடவே குடித்தனம் செய்தேன், அவர் உள்ளங்கால் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நீ அங்கே முதியோர் இல்லத்தில் தினமும் யார் யாரோ தாத்தாமார் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைப்பதாகச் சொல்வாய். அதைக் கேட்டு இங்கே நாங்கள் இருவரும், என் மகளுக்கு இந்த வேலையெல்லாம் செய்யவேண்டியிருக்கிறதே என்று வருத்தப்பட்டோமே தவிர, நம் வீட்டில் ஒரு காலைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா கூடாதா என்று நாலு நாள் யோசித்தேன். மார்ச் மாதப் பௌர்ணமித் திருவிழாவுக்கு மேட்டுக் கோவிலுக்குப் போனோம். அங்கே உன் வேலை நிலைக்க நீ எழுதப்போகிற பரீட்சைக்காக வேண்டிக்கொண்டு, உன் பிறந்த கிழமைக்குரிய மூலையில் இருக்கும் புத்தர் சிலைக்கு நீர் ஊற்றவேண்டும் என்றார். உனக்கு இருபத்தேழு, வயதுக்கு ஒன்று கூட்டி இருபத்தெட்டு கிண்ணம். சிலை பக்கத்தில் இருந்த தொட்டி வற்றிப்போய்க் கிடந்தது, குழாய் அந்தப் பக்கம் கோடியில். போன நேரம் உச்சி வெயில். பாய் விரித்த பாதையில் கூட்டம், காலை வைக்க இடமில்லை, இவர் வெறும் கல்லில் இறங்கிவிட்டார். இளவட்டங்களே ஐயோ அம்மா என்று குதித்துக் குதித்து ஓடுகிற கல்லில், உன் அப்பா ஒரு துளி சிந்தாமல் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக இருபத்தெட்டு தடவை போய் வந்தார். பார்த்தவர்கள் சாது சாது என்று கைகூப்பினார்கள். பாத்தியாடி, ஒரு சூடும் தெரியல, குளுகுளுன்னு இருக்கு, எம்பொண்ணு பாஸ்தான் என்றார். நானும் நம்பினேன் யமின். புண்ணியவான் காலை நெருப்பும் சுடாது என்று அன்று சாயங்காலம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது புண்ணியம் இல்லை, நரம்பு செத்துப்போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு என் பரீட்சையால்தானே என்று நீ உட்கார்ந்து அழுவாய் என்று தெரியும். அழாதே. உனக்காக இல்லாவிட்டால் வேறு எதற்காகவாவது நடந்திருப்பார், அவருக்கு வேண்டுதலுக்கா பஞ்சம். ஐந்தாம் நாள் கூடம் பெருக்கும்போது தரையில் ஈரமாக ஒரு தடம், நாய் அதையே முகர்ந்துகொண்டிருந்தது. என்ன இது என்று கேட்டால் குளித்துவிட்டு வந்தேன் என்றார், அன்று அவர் குளிக்கவே இல்லை. சத்தம் போட்டு அழுது மன்றாடி காலைப் பிடித்துத் திருப்பினால், தோல் முழுவதும் பொத்துப்போய்ச் சதை தெரிந்தது, அதோடு ஐந்து நாள் ஊரெல்லாம் நடந்திருக்கிறார். அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடினோமா என்றால் அதுவும் இல்லை. நாட்டு வைத்தியர் பொடி தூவி வாழையிலையில் கட்டினார், தண்ணீர்த் திருநாள் முடியட்டும் என்று இவர் நாள் கடத்தினார். டாக்டரம்மா பார்த்தபோது விரல்கள் கறுத்துவிட்டன. ஏப்ரல் கடைசியில் வலது காலில் மூன்று விரல், ஜூனில் கால், இடது காலில் மட்டும் கொப்புளம் எப்படியோ ஆறிவிட்டது. அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கட்டாயப்படுத்திப் பாத்திருக்கணும்மா என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். காலோடு முடியவில்லை. காலையில் முகம் வீங்கிக்கொள்கிறது, சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது, வெல்லம் வேண்டுமா என்று நானே கேட்டாலும் வேண்டாம் என்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும், அது மாண்டலேயில்தான் உண்டு, போக நாலு மணி நேரம் வர நாலு மணி நேரம். இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் தடவை பாதி வழியில் மூச்சு நின்று வந்தது. இனிமே என்னை அலைக்கழிக்காத, எங்க ஆறு தெரியுதோ அங்க போடு என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்து ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். நல்லபடியாகிவிடும் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. குளிர்காலம் வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னாள், கேட்டபோது எனக்கு அழுகைகூட வரவில்லை, வரும் வழியில் புத்தருக்கு ஏற்ற மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று நடந்ததுதான் இந்தக் கடிதம் எழுதவைத்தது. மத்தியானம் விசிறிக்கொண்டிருந்தேன். திடீரென்று மிச்சமிருக்கிற இடது காலைத் தானே நீட்டி என் மடியில் வைத்தார். மகளே, கோவில் இருக்கிற திசையில்கூடக் காலை நீட்டாத மனிதர். பாரு, எப்படி இருக்குன்னு சொல்லு என்றார். கையால் தாங்கித் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் ஓர் அரிசி அளவுக்குக் கறுப்பு. அழுத்தினேன், அவருக்குத் தெரியவில்லை. என்ன இருக்கு என்றார், ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு என்றேன். விசிறியை எடுத்து மறுபடி வீசத் தொடங்கினேன். நீ பொய் சொல்றப்ப விசிறி வேகமா ஆடுதுடி என்றார். அப்புறம், பொண்ணுகிட்டயும் இதையே சொல்லிடு, பரீட்சை முடியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எடுக்கவேண்டும் என்பாள், கத்தி வைத்தால் அவர் மேஜையிலேயே போய்விடுவார், வைக்காவிட்டால் கட்டிலில். அவர் பேச்சைக் கேட்டு உன்னிடம் மறைத்திருக்க வேண்டும், ஆனால் ஆறு வருஷம் அவர் பேச்சைக் கேட்டது போதும் என்று தோன்றியது. பரீட்சைக்கு முன்னால் கிளம்பினால் உன் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும். விரதம் முடிகிற விளக்குத் திருநாளுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பெற்றவர்கள் பாதத்தில் விழுந்து கும்பிடுவார்கள், அதற்குள் வா. நீ வந்து ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை, எந்தக் கஷாயமும் எந்த ஜப்பான் மருந்தும் இனி ஒன்றும் செய்யாது. ஆனாலும் வா. இந்த வீட்டில் தனியாகப் பொய் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

நோயில்லாமல், பகையில்லாமல், பசியில்லாமல் நீ நூறு வயது இருக்கவேண்டும். வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடு. அவர் அக்கா, அடுத்து அவர், அடுத்து இந்த நோய் யார் வாசலில் நிற்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. குளிக்கும்போது உன் பாதத்தைத் திருப்பி நீயே ஒருதரம் பார். அதில் பாவம் ஒன்றும் இல்லை, பார்க்காமல் விட்டதுதான் பாவம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஓன் டின்