யாழ்ப்பாணம் போய்க் கொழும்புக்குப் பறக்கிறது

றஸ்னா,

சுபஹு தொழுதிட்டு வேனை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டுட்டன். நீ நல்ல நித்திரை, எழுப்ப மனம் வரேல்ல. ராத்திரிச் சண்டையும் ஒரு காரணம்தான்.

உன்ர தம்பி பவ்ஸான் எட்டு மணிக்குக் கார் கொண்டு வருவான். யாழ்ப்பாணம் பலாலி ஏர்போட்டில உன்னைப் பிளேனுக்கு அனுப்பிப்போட்டுத்தான் திரும்புவான். ஐடென்டிட்டி காட் மேசையில இருக்கு. இடியப்பமும் சொதியும் மூடி வைச்சிருக்கிறன், சாப்பிட்டுட்டுக் குளிசையைப் போடு.

"மன்னார் ஆக்கள் கொழும்புக்குப் போக யாழ்ப்பாணம் போவினமோ? நாலு பேர் போற டீசல் காசில ஒருத்தி பறக்கிறதோ?" எண்டு கேட்டாய். உன்ர கணக்குச் சரிதான். ஆனா போன மாசம் கிளினிக்குக்குப் போகேக்க, புத்தளம் தாண்டினாப் பிறகு இடுப்பு நாரி நோவில தலை ஷோலைக் கடிச்சுக்கொண்டு அழுதாய். நான் காணேல்ல எண்டு நினைச்சாய். கண்ணாடியில பார்த்துக்கொண்டுதான் ஓட்டினனான். இன்னொருக்கா அப்பிடி ஓட்ட என்னால ஏலாது.

பலாலி மட்டும் ரெண்டரை மணித்தியாலம் உன்ர நாரி தாங்கும், வேனில ஏழு தாங்காது. ரெண்டு டிக்கெட்டுக்கு வசதியில்ல. நீ இறங்கேக்க கொழும்பு இரத்மலானை ஏர்போட் வாசலில நிற்பன். நாளைக்குக் கிளினிக்குக்கும் நானே கூட்டிக்கொண்டு போவன்.

மர்சூக்

மறந்துபோனன்: ஜன்னல் பக்கத்துச் சீட்டுத்தான் கேட்டு எடுத்தனான். இருபது வருசமா ஆக்களை ஏர்போட்டில இறக்கிவிடுறன், மேல இருந்து கடல் எப்பிடித் தெரியும் எண்டு எனக்குத் தெரியாது. வடிவாப் பார்த்துக்கொண்டு வந்து சொல்லு. கோவத்தோட எண்டாலும் சொல்லு.