ஏழாம் நம்பர் புட்டி

மே 3

அன்பும் பயமும் கலந்த சித்திக்கு (அன்பு உங்க மேல, பயம் அம்மா மேல),

வாலு எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் நலமா இருந்தே ஆகணும், இல்லேன்னா இந்தப் புட்டிகளை யார் அளக்கறது?

இந்தக் கடிதம் அம்மா உங்களுக்கு அனுப்பற புட்டிப் பெட்டியில, பஞ்சுக்கு அடியில திருட்டுத்தனமா வந்திருக்கு. போன் பண்ணலாம்னா, அம்மா காது மூணு அறை தாண்டிக் கேட்கும். லீவுல வீட்டுல இருந்தா வீடு தாங்காதுன்னு அப்பா என்னை அம்மாவோட லேபுக்கு அனுப்பிட்டார். புட்டிக்கு லேபிள் ஒட்டற வேலை. ஓட்டுநர் ஆக வயசு பத்தாதாம், ஒட்டுநர் ஆகப் பத்துமாம்!

விஷயம் எனக்கும் புரிஞ்சுபோச்சு. கடல்ல வளர்ற சிப்பி, அது வளர்ந்தப்போ தண்ணி சூடா குளிரான்னு ஓட்டுக்குள்ளயே எழுதி வைக்குது. குளிர்ந்தா கனமான ஆக்சிஜன் கூடுதலா, சூடானா குறைவா. ஓட்டைப் பொடி பண்ணி, அமிலம் விட்டு, வர்ற வாயுவை அளந்தா தெரிஞ்சிடும். எங்க லேப் பிரிச்சு அனுப்பற ஒரே பொடியை எங்களையும் சேர்த்து ஒன்பது லேப் அளக்கும், ஒன்பது பேரும் ஒரே எண் சொல்லணும். மத்த ஏழு பேர் அப்படி இப்படின்னு சமாளிச்சுடறாங்களாம். உங்க லேபுக்கும் எங்க லேபுக்கும் மட்டும் எப்பவும் 0.3 இடிக்குதாம்.

அந்த 0.3-க்காகவா சித்தி மூணு வருஷமா அக்காவும் தங்கச்சியும் பேசாம இருக்கீங்க? கணக்குல எனக்கு முப்பது மார்க் குறைஞ்சப்பவே அப்பா எங்கிட்ட பேசினார்! நீங்க வீட்டுக்கு வராம எனக்கு ஜோக் சொல்ல ஆளே இல்லை. சீக்கிரம் அளந்து, பதில் போடுங்க. என் பேருக்கு, ஸ்கூல் விலாசத்துக்கு. வாட்ச்மேன் என் ஆள்.

இப்படிக்கு,
ஒட்டுநர்

---

மே 11

என் வாலுக்கு,

பஞ்சைக் கொட்டிப் பார்த்தா உன் கோழிக் கிறுக்கல். ஒரு நிமிஷம் பாம்போன்னு பயந்துட்டேன், அப்புறம் அதைவிட மோசமானதுன்னு புரிஞ்சுது.

0.3-ன்னு சிரிக்காதே. கடலுக்கு அது ஒண்ணேகால் டிகிரி. எங்க ரெண்டு பேர் ஆராய்ச்சியும் அதுலதான் நிக்குது. மூணு வருஷம் முன்னாடி முடிவு அறிவிச்ச கூட்டத்துல அத்தனை பேர் நடுவுல எழுந்து, "என் தங்கை லேப்ல கடலுக்குக் காய்ச்சல்"னா உங்கம்மா. "அக்கா லேப்ல கடலை ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்க"ன்னேன் நான். எல்லாரும் சிரிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் சிரிக்கலை. அதோட சரி. பென்சிலைக் கடிக்கிறேன்னு சின்ன வயசுலேர்ந்து என்னை "அணிலு"ன்னு கூப்பிட்டவ, இப்போ பெட்டி மேல "ஆய்வகம் 5"-ன்னு போட்டு அனுப்பறா.

ஆத்திரம் எதுக்குன்னா, எங்க ரெண்டு லேபுக்கும் எடைக்கல் ஒண்ணே. படிக்கிற காலத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஓடு அரைச்சு ஒரு ஜாடி நிறைய வெச்சோம். பேரு வீட்டுப் பொடி. அதோட எண் 1.20. தினமும் காலையில முதல்ல அதை அளந்து, இயந்திரத்தை அதுக்குச் சரிபண்ணிட்டுத்தான் மத்ததைத் தொடுவோம். வேலை கிடைச்சுப் பிரிஞ்சப்போ மேல்பாதியை அவ எடுத்துக்கிட்டா, அடிப்பாதியை ஜாடியோட நான் கொண்டுவந்தேன். எடைக்கல் ஒண்ணா இருக்கும்போது எடை மாறினா, யாரோ கவனமில்லாம வேலை பார்க்கறாங்கன்னு அர்த்தம். அது நான் இல்லை.

ஆமா, பட்டியல்ல ஆறு புட்டி, பெட்டியில ஏழு. ஏழாவதையும் அளந்தேன், 0.90 வந்தது. என்ன ஓடு அது?

சாப்பாட்டைத் தட்டிக்கழிக்காதே.

சித்தி

---

மே 14

சித்தி சித்தி சித்தி!

முதல்ல உட்காருங்க. உட்கார்ந்தாச்சா? பக்கத்துல கண்ணாடிச் சாமான் இருந்தா தள்ளி வைங்க.

ஏழாவது புட்டியை அம்மா அனுப்பலை. நான் அனுப்பினேன். அம்மா டீ குடிக்கப் போனப்போ அலமாரியிலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்து, நானே லேபிள் ஒட்டி உள்ளே போட்டேன். நீங்க மண்டையை உடைச்சுக்கிட்டு அளந்து எழுதினதும், "ஐயே, உங்க வீட்டுப் பொடியே உங்களுக்குத் தெரியலையா!"ன்னு கேலி பண்ணலாம்னு. அவ்வளவுதான் திட்டம்.

ஆமாம். அது எங்க லேப் வீட்டுப் பொடி! உங்க கணக்குப்படி 1.20 வரணும். வந்தது 0.90!

கழிச்சுப் பாருங்க சித்தி. நான் நாலு தடவை கழிச்சேன், ஒரு தடவை விரல் விட்டு. அதே 0.3!!

எடைக்கல் ஒண்ணே இல்லை. அக்கா தங்கச்சி சண்டையே இல்லை இது, ஜாடிச் சண்டை! குதிச்சுக்கிட்டே எழுதறேன், எழுத்து கோணினா அதான் காரணம். (சாதாரணமாக் கோணறதுக்கு வேற காரணம்.)

ஆனா அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? சோதனைப் பெட்டியில கை வெச்சேன்னு தெரிஞ்சா என்னையே அரைச்சுப் புட்டியில போட்டுடுவாங்க. சொல்லாம விட்டா முப்பதாம் தேதிக் கூட்டத்துல முடிவு அறிவிச்சு, மறுபடியும் நீங்க ரெண்டு பேரும் எல்லார் முன்னாடியும்... வேண்டாம் சித்தி. ஏதாவது வழி சொல்லுங்க.

பொடிப் பொண்ணு

---

மே 18

அடியே பொடி,

உட்காரலை. ஓடினேன். ஏழாம் நம்பரையும் என் ஜாடிப் பொடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பன்னிரண்டு தடவை அளந்துட்டேன். பன்னிரண்டிலும் 0.3.

பரண்லேர்ந்து பழைய நோட்டை இறக்கினேன். வீட்டுப் பொடி அரைச்ச அன்னைக்கு ஒரு ஓடு ஜாடியை நிறைக்கலை. அதனால இன்னொரு ஓட்டை அரைச்சு மேல கொட்டியிருக்கோம். மேலேர்ந்து அஞ்சு சிட்டிகை அளந்தோம், 1.05. அடியிலேர்ந்து அஞ்சு, 1.35. அந்தக் கிழட்டு இயந்திரம் எப்பவும் ஆடும், அதோட ஆட்டம்னு நினைச்சு ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 1.20-ன்னு எழுதியிருக்கோம். கீழே ரெண்டு பேர் கையெழுத்து. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஜாடியைக் குலுக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை.

மேல்பாதி அவகிட்ட, அடிப்பாதி என்கிட்ட, ரெண்டுக்கும் 1.20-ன்னு பேரு. ஆளுக்கு 0.15 தப்பு. அவளுக்குக் கொஞ்சம் குளிர், எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். உண்மையான கடல் நடுவுல இருந்து எங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்கு.

அந்த நோட்டுப் பக்கத்தை இதோட வெச்சிருக்கேன். அம்மாகிட்ட நீயே சொல்லு, ஒண்ணையும் மறைக்காதே. நான் சொன்னா, மூணு வருஷம் கழிச்சும் குத்தம் சொல்லத்தான் வந்தேன்னு நினைப்பா. முப்பதாம் தேதிக்கு முன்னாடி சொல்லிடு கண்ணு.

திட்டு விழும். என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கோ.

சித்தி

---

மே 23

தூள் சித்திக்கு,

சொல்லிட்டேன். உயிரோட இருக்கேன்.

அம்மா திட்டினாங்க பாருங்க, அமிலமே தோத்துடும். "சோதனைன்னா உனக்கு விளையாட்டா? ஒன்பது லேப் எங்களை நம்பி..."ன்னு ஏறிக்கிட்டே போனவங்க நடுவுல டக்குனு நின்னாங்க.

"எவ்வளவு வந்துச்சுன்னு சொன்னே?"

"0.90மா. அதுக்கப்புறம் பன்னிரண்டு தடவை அளந்தும் அதே வித்தியாசம்."

கையில இருந்த பேப்பர்ல 1.20-லேர்ந்து 0.90-ஐக் கழிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "அவ அளந்தா தப்பா இருக்காது."

சித்தி, இதைத் தனியா ஒரு பேப்பர்ல எழுதி உங்க இயந்திரத்து மேல ஒட்டுங்க. அவங்க வாயால வந்தது, சாட்சி நான்.

அப்புறம் நோட்டுப் பக்கத்தைக் கொடுத்தேன். ரெண்டு கையெழுத்தையும் விரலால தடவினாங்க. "குலுக்கலையா? ரெண்டு பேருமா?"ன்னு கேட்டுட்டு ஸ்டூல்ல உட்கார்ந்து சிரிக்க ஆரம்பிச்சாங்க. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துட்டுப் போனார். அழுதாங்களான்னு கேட்காதீங்க. பொடி கண்ணுல விழுந்துச்சாம். மூடின புட்டியிலேர்ந்து.

முப்பதாம் தேதி மத்த ஏழு லேபுக்கும் "தப்பு எங்க ரெண்டு பேரோடதும்"னு ஒரே கடிதம் போகணுமாம், ரெண்டு கையெழுத்தோட. அதனால நீங்க ஜாடியை எடுத்துக்கிட்டு நேர்ல வரணுமாம். உங்க ரூமைத் தூசி தட்டியாச்சு. பென்சில் ஒரு டஜன் வாங்கியாச்சு.

எனக்கு என்ன தண்டனைன்னு கேட்பீங்களே? லேபிள் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. ஒட்டுநர் பதவி பறிபோச்சு. அதனால இந்தக் கடிதம் வந்த புட்டிப் பெட்டி மேல இருக்கற லேபிளை நான் ஒட்டலை. நான் தயாரா வெச்சிருந்த "ஆய்வகம் 5"-ஐப் பிச்சுப் போட்டுட்டு, அம்மாவே பேனா எடுத்து எழுதினாங்க.

நீங்க அவசரக்காரங்க, பார்க்காமலே கிழிச்சுப் போட்டிருப்பீங்க. போங்க, குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்துப் படிங்க.

"அணிலுக்கு"-ன்னு இருக்கும்.

வேலையிழந்த
வாலு